பச்சைப் பட்டை கட்டிய நாய்

என் மகள் அகல்யாவுக்கு ஒன்பது வயது. ஒன்றரை மாதத்துக்கு முன் அவளை ஒரு தெருநாய் கடித்தது. பார்த்தால் கடி என்றே சொல்ல முடியாது. இடது கை ஆள்காட்டி விரலில் பல் பட்டு ஒரு சொட்டு ரத்தம் வந்தது, அவ்வளவுதான். அதை நான் ஆறு நாள் கண்டுகொள்ளவில்லை. படித்தவன், தொழிற்சாலையில் பொறுப்பான வேலையில் இருப்பவன், அப்படி இருந்தேன். அது எப்படி நடந்தது என்பதையும், அதற்குப் பிறகு நாங்கள் கழித்த ஆஸ்பத்திரி நாட்களையும் எழுதி வைக்கிறேன். மழைக்காலத்தில் போனில் அறிவிப்பு படிக்கிற யாருக்காவது பயன்படட்டும்.

நாங்கள் இருப்பது அண்ணனூர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. அம்பத்தூர் எஸ்டேட்டில், வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில், தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரு பாகத்தை அளந்து, சோதித்து, சரியாக இருந்தால் பச்சை டேக் கட்டுவோம். பச்சை டேக் கட்டிய பொருளை அதன் பிறகு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மாதக் கடைசி அவசரத்தில் சோதனைக்கு முன்பே டேக் கட்டிவிட்ட ஆட்களை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கிறேன்.

எங்கள் வாசலில் நான்கு நாய்கள் உண்டு. பழுப்பும் கறுப்பும் மஞ்சளுமாக இருந்த ஒன்றுக்குப் பிள்ளைகள் மிக்சர் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை எங்கள் தெருவில் நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி முகாம் என்று வார்டிலிருந்து தகவல் வந்தது. ஊசி போட்ட நாயின் முதுகில் சாயம் பூசுவார்கள், மழையில் அது நாலு நாள் நிற்காது. அதனால் கழுத்தில் பச்சை நைலான் பட்டை கட்டலாம் என்று குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் நான்தான் யோசனை சொன்னேன். எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை எனக்கு முதல் ஷிஃப்ட். வெளியாட்களிடம் இந்த நாய்கள் கழுத்தைக் காட்டாது, என்னிடம் பிஸ்கட்டுக்காக நிற்கும். எப்படியும் நாளைக்கு ஊசி போடத்தானே போகிறார்கள் என்று வியாழக்கிழமை மாலையே நான்குக்கும் கட்டிவிட்டேன். ‘பச்சைப் பட்டை கட்டிய நாய்கள் ஊசி போட்டவை, பயப்பட வேண்டாம்’ என்று படத்தோடு குழுவில் போட்டேன். சோதனைக்கு முன்பே டேக் கட்டினேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

அன்றைக்கே விளக்கு வைக்கிற நேரத்தில் மழை எச்சரிக்கை வந்தது. அதைத் தொடர்ந்து வார்டு அறிவிப்பும் வந்தது. மழைக்காலத்தில் இந்த மாதிரி அறிவிப்பில் எங்கள் பக்கம் எல்லோரும் தேடுவது ஒரே வார்த்தையைத்தான், விடுமுறை. முதல் வரியிலேயே அது இருந்தது. பார்த்த கையோடு அதை எங்கள் குழுவுக்கு அனுப்பி, மேலே ‘நாளைக்கு லீவு’ என்று எழுதினேன். அகல்யா சோபாவில் ஏறிக் குதித்தாள்.

வெள்ளிக்கிழமை முழுக்க மழை கொட்டியது. குடியிருப்பில் யாரும் கதவைத் திறக்கவில்லை. வேலை முடிந்து நனைந்துகொண்டு வந்தபோது நான்கு நாய்களும் மாடிப்படிக்குக் கீழே பச்சைப் பட்டையோடு படுத்திருந்தன. ஊசி போட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு மேலே போனேன்.

அடுத்த புதன்கிழமை மாலை அகல்யா சைக்கிளை எடுக்கப் போனாள். அதற்கு அடியில் மிக்சர் படுத்திருந்தது. எழுப்பக் கையை நீட்டியவளை லேசாகக் கவ்விவிட்டது. என் மனைவி கவிதா அவள் விரலைக் குழாயில் காட்டிக் கழுவிவிட்டு, “எதுக்கும் ஒரு ஊசி போட்டுட்டு வந்துடலாங்க” என்றாள்.

“ஊசி போட்ட நாய் அது. பட்டை கட்டினதே நான்தான்” என்றேன்.

“நாய்க்குப் போட்டா பிள்ளைக்குப் போட்ட மாதிரி ஆயிடுமா?”

“உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்” என்று சொல்லிவிட்டு விரலில் ஆயின்மென்ட் தடவினேன். ஒன்றும் ஆகாது என்று அகல்யாவிடமும் சொன்னேன். அவள் மறுபடி விளையாடப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது நாய்களுக்கு பிஸ்கட் போட்டேன். மூன்றுதான் வந்தன. எங்கள் தெருவில் குப்பை எடுக்கும் கன்னியம்மா வண்டியை நிறுத்தினார். ஐம்பது வயது இருக்கும், ஆறு வருடமாகத் தினமும் பார்க்கிற முகம்.

“இன்னா சார், மிக்சர தேடறீங்களா? அது பூட்ச்சி” என்றார். “ஞாயித்துக்கெழம காலைல காருங்க நிக்கற எடத்தாண்ட செத்துக் கெடந்துச்சி. வாயெல்லாம் எச்சி ஒழுகிகினு. நாந்தான் தூக்கி வண்டில போட்டேன்.”

“ஊசி போட்ட நாயாச்சே?”

“யாரு சார் போட்டது? மழைன்ட்டு அன்னிக்கி வண்டியே வர்லயே. நா பொழுதினிக்கும் இங்கதான கீறேன்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பாப்பாவ ஏதாவது கடிச்சிச்சா சார்?” என்று கேட்டார்.

வீட்டுக்கு ஓடினேன். பாதிப் படியில் நின்று போனில் அந்த வியாழக்கிழமை அறிவிப்பைத் தேடினேன். என் பெயரிலேயே கிடைத்தது. முதல் வரி விடுமுறை. இரண்டாவது, குடிநீர் லாரி வரும் நேரம். மூன்றாவது, குப்பை எடுக்கும் நேரம். கடைசி வரி, தெருநாய்களுக்கான தடுப்பூசி முகாம் மழை காரணமாக ஒத்திவைக்கப்படுகிறது, மறுதேதி பின்னர் அறிவிக்கப்படும். இதைக் குடியிருப்பு முழுக்க அனுப்பியவன் நான். மீதிப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி மேலே போனேன்.

கவிதாவிடம் நாய் செத்துவிட்டது, முகாம் நடக்கவில்லையாம் என்று மட்டும் சொன்னேன். அந்த அறிவிப்பை அனுப்பியதே நான்தான் என்பதை மறைத்துவிட்டேன். அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அகல்யாவின் பள்ளிச் சீருடையைக் கழற்றி வேறு சட்டை மாட்டினாள். ஆட்டோவில் போகும்போதே குழுவில் ஒரு செய்தி போட்டேன். முகாம் நடக்கவில்லை, மிக்சரைத் தொட்டவர்கள் எல்லோரும் உடனே ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். யார் தப்பு என்று எழுதவில்லை.

அரசு மருத்துவமனையில் நாய்க்கடிக்குத் தனி அறை. எங்களுக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். பால்காரர் ஒருவர், முழங்காலில் கட்டோடு ஒரு கல்லூரிப் பெண், உணவு கொண்டுபோய்க் கொடுக்கிற பையோடே வந்திருந்த ஒருவர். எல்லோரும் இன்றைக்கோ நேற்றோ கடிபட்டவர்கள். மருத்துவர் இளம் பெண். எத்தனை நாள் ஆச்சு என்று கேட்டார். ஆறு நாள் என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் பொறுமையாகச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். வெறிநோய்க் கிருமி கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. வாரக் கணக்கில், சிலருக்கு மாதக் கணக்கில் போகும். அது மூளைக்குப் போய்ச் சேர்வதற்குள் தடுப்பூசி வேலை செய்துவிட்டால் பிழைத்தோம். அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்ற மருந்து கிடையாது. விரல் நுனியில் நரம்புகள் அதிகம். கடிபட்டதும் ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும், பிறகு நேராக ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

“நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் நீங்க வந்திருக்கணும்” என்றார். “லேட் ஆயிடுச்சேனு வராம இருந்துடாதீங்க, அது அதைவிடப் பெரிய தப்பு.”

தடுப்பூசி இன்றைக்கு, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். அது உடம்பில் வேலை செய்யத் தொடங்கச் சில நாட்கள் பிடிக்கும். அதுவரை காவலுக்கு, ஏற்கெனவே தயாராக இருக்கிற எதிர்ப்புச் சக்தியைக் காயத்தைச் சுற்றிச் செலுத்துகிறார்கள். அதற்குப் பெயர் இம்யூனோகுளோபுலின். அகல்யாவுக்குப் போட்டது குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்தது. ஆறிப்போயிருந்த அந்தச் சின்ன விரலைச் சுற்றி ஊசி இறங்கியபோது அவள் கத்திய கத்தலில் வெளியே வரிசை அமைதியாகிவிட்டது. நான் அவள் தோளை அழுத்திப் பிடித்திருந்தேன்.

“ஒண்ணும் ஆகாதுனு நீங்கதானப்பா சொன்னீங்க” என்று அழுதாள்.

மூன்றாம் நாள் ஊசி வெள்ளிக்கிழமை. முந்தின நாள் மாலை மறுபடி மழை அறிவிப்பு. இந்த முறை கடைசி வரி வரைக்கும் நாலு தடவை படித்தேன். தடுப்பூசிப் பிரிவு வழக்கம்போல் இயங்கும் என்று இருந்தது. காலையில் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றது, ஒரு ஆட்டோவும் வரவில்லை. அகல்யாவைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்தேன். கவிதா பின்னால் குடையை எட்டிப் பிடித்துக்கொண்டு தான் முழுக்க நனைந்து வந்தாள். ஊசி அறைக்குள் தண்ணீர் வந்துவிட்டதால் அதை மாடிக்கு மாற்றியிருந்தார்கள். கதவு பூட்டியிருப்பதைப் பார்த்து எனக்கு உயிரே போய்விட்டது, பக்கத்தில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கவிதாதான் பார்த்தாள்.

ஏழாம் நாள் ஊசியும் முடிந்தது. எட்டாம் நாள் காலை அகல்யாவுக்கு உடம்பு கொதித்தது. முட்டியும் மணிக்கட்டும் வீங்கியிருந்தன, முதுகெல்லாம் சிவப்புத் தடிப்பு. ஊசி போட்ட ஆஸ்பத்திரியில் காட்டினோம். நகருக்குள் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், குழந்தைகள் வார்டில் சேர்த்தோம்.

“தண்ணி குடிம்மா” என்று டம்ளரை நீட்டினேன்.

“வேணாம்.”

“ஒரு வாய்.”

“வேணாம்ப்பா. ஃபேனை நிறுத்துங்க.”

இந்த நோயைப் பற்றிப் போனில் கண்டதையெல்லாம் படித்து வைத்திருந்தேன். தண்ணீரைக் கண்டால் தொண்டை இழுக்கும், காற்று பட்டால் உடம்பு உதறும். படிக்காமலே இருந்திருக்கலாம். நர்ஸைத் தேடி ஓடினேன்.

வார்டு மருத்துவர் வயதானவர். ஒரு காகிதத்தை எடுத்து அகல்யாவின் முகத்துக்கு நேரே விசிறிப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். தொண்டை புண்ணாகியிருக்கிறது, காய்ச்சலுக்குக் குளிர்கிறது என்றார். குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த மருந்தைச் சில உடம்பு ஏழெட்டு நாள் கழித்து அந்நியமென்று எதிர்க்கும், அதனால் காய்ச்சல், வீக்கம், தடிப்பு எல்லாம் வரும், அது தானாக அடங்கிவிடும் என்று விளக்கினார். வீக்கத்தை உடனே அடக்க வேறு மருந்து இருக்கிறது, ஆனால் அது தடுப்பூசியின் வேலையைக் கெடுக்கும் என்பதால் இப்போது தரமாட்டேன் என்றார்.

“அப்ப வெறிநோய் இல்லைனு சொல்லுங்க சார்” என்றேன்.

“எனக்கு ஒவ்வாமை மாதிரிதான் தெரியுது. ரெண்டு நாள் பார்க்கணும்.”

“இல்லைனு சொல்லுங்க சார்.”

“ரெண்டு நாள் பார்க்கணும்னு சொன்னேன்பா” என்று என் கையைத் தட்டிவிட்டுப் போனார்.

அந்த இரண்டு நாளை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்துப் படுக்கைப் பையனின் அம்மா தன் ஸ்டூலை எனக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். குடியிருப்பிலிருந்து தயிர்சாதம் வந்தது, என் பட்டையை நம்பியவர்கள் கொடுத்த சோற்றைப் பிரிக்காமலே வைத்திருந்தேன். நான் கும்பிடாத சாமி இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் டம்ளரை நீட்டினேன். அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். கடைசியில் கவிதா டம்ளரைப் பிடுங்கி ஜன்னலில் வைத்தாள்.

“இப்படி மூஞ்சிக்கு நேரா நீட்டிக்கிட்டே இருந்தா யாருக்குத்தான் குடிக்கத் தோணும்?” என்றாள்.

வியாழக்கிழமை பிற்பகல் அகல்யா தூங்கிக்கொண்டிருந்தாள். இனிமேல் மறைத்து வைத்திருக்க முடியாது என்று தோன்றியது.

“கவிதா, முகாமைத் தள்ளி வச்சாங்கனு வந்த அறிவிப்பு இருக்குல்ல...”

“நீங்க அனுப்பினதுதான். தெரியும்” என்றாள்.

தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். ‘நாளைக்கு லீவு’ என்ற என் செய்திக்குக் கீழே கட்டைவிரல் படங்களாகக் கிடந்தன. அதைத் தொட்டாள், போட்டவர்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. முதல் பெயர் அவளுடையது.

“நானும் முதல் வரியை மட்டும் பார்த்துட்டு விரலைப் போட்டிருக்கேன். செவ்வாய்க்கிழமை ஆட்டோலயே பார்த்துட்டேன். உங்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு சொல்லுங்க. நான் அன்னிக்கே அவளை இழுத்துட்டுப் போயிருக்கணும்.”

இத்தனை நாளும் ஒரே பாரத்தை ஆளுக்கொரு பக்கம் ஒளித்து வைத்திருந்திருக்கிறோம். அந்த வார்டில், அத்தனை பேர் முன்னால், இரண்டு பேரும் அழுதோம். வெட்கமாக இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டவள் திடீரென்று நிமிர்ந்தாள்.

“அந்த நாயைக் கன்னியம்மாக்கா தூக்கினாங்கனு சொன்னீங்களே. அவங்க ஊசி போட்டாங்களா?”

குழுவில் செய்தி போட்டிருந்தேன். தொட்ட எல்லோரும் என்று எழுதியிருந்தேன். கன்னியம்மா எங்கள் குழுவில் இல்லை. ஆறு வருடப் பழக்கத்தில் அவருடைய நம்பர்கூட என்னிடம் இல்லை. என் மகளைக் காப்பாற்றத் தகவல் சொன்ன மனுஷியை அந்தப் படியிலேயே மறந்துவிட்டேன்.

எங்கள் வாட்ச்மேனுக்கு போன் போட்டு விசாரித்தேன். முத்தாபுதுப்பேட்டை என்று சொல்லி வழியும் சொன்னார். ரயிலில் ஆவடி வந்து, ஷேர் ஆட்டோ பிடித்து, கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். கன்னியம்மா வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

“பாப்பா எப்டி சார் கீது?” என்றார்.

“ஆஸ்பத்திரில இருக்கா. நீங்க அந்த நாயைத் தூக்கினீங்களே, கைல புண்ணு ஏதாவது இருந்துச்சா?”

வலது உள்ளங்கையைக் காட்டினார். கட்டைவிரலுக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு. “கண்ணாடித் துண்டு கீச்சிக்கிச்சி, அந்த வாரந்தான். எச்சி பட்டுச்சி, கழுவிட்டேன் சார். என்னிய அது கடிக்கலியே.”

பதினொரு நாள் ஆகியிருந்தது. புண்ணில் எச்சில் பட்டாலே போதும், காலையில் ஊசி அறை திறந்ததும் நானே கூட்டிப்போகிறேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை அதே அறை, அதே வரிசை. மருத்துவர் என்னை அடையாளம் கண்டு, என்ன மறுபடியும் என்கிற மாதிரிப் பார்த்தார். கன்னியம்மாவின் உள்ளங்கையைச் சுற்றி மருந்து இறக்கும்போது என் போன் அடித்தது, கவிதா.

“அகல்யா தண்ணி குடிச்சிட்டா. ஜன்னல்ல இருந்த டம்ளரை அவளே எடுத்து முழுசாக் குடிச்சிட்டா. இப்ப இட்லி கேக்கறா.”

சுவரில் சாய்ந்துகொண்டு விம்மிவிட்டேன். கன்னியம்மா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். “இன்னா சார், ஊசி எனுக்குத்தான போடறாங்க, நீங்க அழுவறீங்க” என்றார்.

அகல்யா நாலே நாளில் வீட்டுக்கு வந்தாள். இருபத்தெட்டாம் நாள் ஊசியும் போட்டாகிவிட்டது. இனி பயப்பட வேண்டியதில்லை என்று மருத்துவர் சொல்கிறார், எனக்கு இன்னும் அவள் தண்ணீர் குடிப்பதைப் பார்க்காமல் சோறு இறங்குவதில்லை. ஒத்திவைத்த முகாம் நடந்தது. அன்று லீவு போட்டுவிட்டு நின்றேன். மீதி மூன்று நாய்களின் பட்டைகளையும் முதலில் அறுத்தேன், ஊசி போட்ட பிறகு புதிதாகக் கட்டினேன். நடந்ததை முழுசாகக் குழுவிலும் எழுதினேன். அதற்கு யாரும் கட்டைவிரல் போடவில்லை.

நாளைக்குக் கன்னியம்மாவுக்குக் கடைசி ஊசி. எங்களால் அவருக்குப் பன்னிரண்டு நாள் தாமதம், அந்த பயம் எனக்கு உண்டு. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மழை எச்சரிக்கையும், பின்னாலேயே வார்டு அறிவிப்பும் வந்தன. “லீவாப்பா?” என்று அகல்யா கேட்டாள். இரு என்று சொல்லிவிட்டுக் கன்னியம்மாவுக்கு போன் போட்டேன்.

“அறிவிப்பு வந்திருக்கு, படிக்கறேன்” என்றேன்.

“படிங்க சார்.”

முதல் வரியிலிருந்து நிறுத்தி நிறுத்திப் படித்தேன். பள்ளிகளுக்கு விடுமுறை. குடிநீர் லாரி மாலையில் வரும். குப்பை எடுக்கும் பணி வழக்கத்தைவிட முன்னதாகவே தொடங்கும். தடுப்பூசிப் பிரிவு வழக்கம்போல் இயங்கும். படித்து முடித்ததும் அந்தப் பக்கம் மெதுவாக மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

“அந்தக் கடேசி வரிய மொதல்ல படிக்கக் கூடாதா சார்” என்றார்.